மாதாமாதம் பணம் கொடுத்தால் கடும் வறுமை குறையுமா?

நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அரசாங்கம் எல்லோருக்கும் ஒரு குறைந்தபட்ச வருமானத்தை உறுதி செய்தால் கடும் வறுமை உண்மையிலேயே குறையுமா என்பது ஒன்று. வீட்டுக்கே பணம் வந்துவிட்டால் யார் வேலைக்குப் போவார்கள் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில், குறையும், பல நாடுகளில் குறைந்திருக்கிறது. இரண்டாவதற்கு, போவார்கள், கணக்கெடுத்துப் பார்த்த இடங்களில் பெரும்பாலும் அதுதான் தெரிந்திருக்கிறது. ஆனால் இதோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். ஒரே தொகையைக் கொடுக்கிற இரண்டு திட்டங்களில் ஒன்று குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறது, இன்னொன்று வந்த சுவடு தெரியாமல் போகிறது. பணம் வாங்குகிறவர்களின் பட்டியலில் ஒருவர் பெயர் எப்படி ஏறுகிறது, எந்தக் காரணத்துக்காக இறங்குகிறது, இந்த இரண்டில்தான் அந்த வித்தியாசம் பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். அனைவருக்குமான அடிப்படை வருமானம் என்பது பணக்காரர், ஏழை என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே தொகை. குறைந்தபட்ச வருமானத் திட்டம் வேறு. ஒரு குடும்பம் இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கும் குடும்பத்தின் வருமானத்துக்கும் நடுவில் விழுகிற பள்ளத்தை, முழுக்கவோ கொஞ்சமோ, அரசு நிரப்புவது. இது புதிய யோசனை இல்லை. 1795 இல் இங்கிலாந்தில் ஸ்பீனம்லாண்ட் என்ற இடத்தில் கூடிய நீதிபதிகள், ரொட்டியின் விலையையும் குடும்பத்தில் எத்தனை பேர் என்பதையும் வைத்து, கூலி பற்றாதவர்களுக்கு மிச்சத்தைக் கொடுக்கும் ஏற்பாடு செய்தார்கள். 1962 இல் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன், வருமான வரியைத் தலைகீழாகத் திருப்பி, ஒரு அளவுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அரசே கொடுக்கலாம் என்றார். பெல்ஜியம் 1974 இலும் பிரான்ஸ் 1988 இலும் சட்டமாகவே கொண்டுவந்தன. சீனாவில் 1993 இல் ஷாங்காய் நகரத்தில் தொடங்கியது, 1999 இல் எல்லா நகரங்களுக்கும் 2007 இல் கிராமங்களுக்கும் போனது. ஸ்பெயின் 2020 இல், கொரோனா நடுவே, நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது. இடதுசாரிகள், வலதுசாரிகள் இரண்டு பக்கமும் இதைக் கையில் எடுத்திருக்கிறார்கள்.

சரி, கடும் வறுமை என்றால் என்ன? உலக வங்கி ஒரு கோடு வைத்திருக்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2.15 டாலர் என்று இருந்ததை 2025 ஜூனில் 3 டாலராக மாற்றினார்கள். நாட்டுக்கு நாடு விலைவாசி மாறுவதால் அதைச் சமன் செய்து போடுகிற கணக்கு இது. ஆனால் இந்தக் கோட்டைப் படிக்கிறபோது ஒரு தவறான படம் மனதில் விழுகிறது, தினமும் அந்த மூன்று டாலரோ இரண்டு டாலரோ ஒழுங்காகக் கைக்கு வருகிற மாதிரி. அப்படி வருவதில்லை. ஒரு வாரம் வேலை கிடைக்கும், அடுத்த பத்து நாள் ஒன்றும் இருக்காது, அந்தப் பத்து நாளில்தான் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். கடன் வாங்க வேண்டும், அதுவும் கேட்ட வட்டிக்கு. இல்லையென்றால் கையில் இருக்கிற ஒரே ஆட்டை விற்க வேண்டும், அதுவும் கேட்ட விலைக்கு. பெரிய பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்ப வேண்டும். மாதம் திரும்பி அடுத்த மாதம் நல்ல வேலை கிடைத்தாலும் ஆடு திரும்பி வராது, அந்தப் பெண்ணும் பெரும்பாலும் பள்ளிக்குத் திரும்ப மாட்டாள். கடும் வறுமை ஒரு குடும்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது இப்படித்தான். குறைந்த வருமானம் பாதி காரணம், எப்போது வரும் என்று தெரியாத வருமானம் மீதிக் காரணம்.

இதை ஒரு ஆய்வு நேரடியாகவே பிடித்துக் காட்டியது. தமிழ்நாட்டில் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை என்று அதே மாதிரி சோதனைகளுக்கு உட்படுத்தினார்கள். கரும்புப் பணம் வருடத்துக்கு ஒரு முறைதான் வரும் என்பதால் அறுவடைக்கு முன்னால் கை வறண்டிருக்கும், பின்னால் கொஞ்சம் மூச்சு விடலாம். அதே மனிதர், அதே படிப்பு, அதே மூளை. ஆனால் பணமில்லாத நாட்களில் யோசித்து முடிவெடுக்கும் திறன் தெளிவாகவே குறைவாக இருந்தது. 2013 இல் வந்த ஆய்வு இது. பணக் கவலை தலையில் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்று ஏழைகள் காலம் காலமாகச் சொல்வதைத்தான் எண்ணில் எழுதியிருந்தார்கள். தேதி தவறாமல் வருகிற ஒரு சின்னத் தொகை, அதன் அளவை மீறி வேலை செய்வதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆட்டை விற்காமல் பத்து நாளைத் தாண்டிவிட்டால் அந்தக் குடும்பம் அடுத்த வருடம் வேறு இடத்தில் இருக்கும்.

இதற்கு நன்றாகப் பதிவான உதாரணம் பிரேசில்தான். அங்கே 1995 இல் காம்பினாஸ், பிரசீலியா என்ற இரண்டு நகரங்களின் நிர்வாகங்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைக் குடும்பங்களுக்கு மாதத் தொகை கொடுக்கத் தொடங்கின. அது பரவி, பல துறைகள் பல பெயர்களில் கொடுத்துக்கொண்டிருந்த நிலையில், 2003 அக்டோபரில் அதிபர் லூலா நான்கு திட்டங்களை ஒன்றாக்கினார். போல்சா ஃபமீலியா என்று பெயர். சுமார் பத்து வருடத்தில் 1 கோடியே 40 லட்சம் குடும்பங்கள், அதாவது நாட்டு மக்களில் நான்கில் ஒருவர் வரை அதற்குள் வந்தார்கள். அப்போது செலவோ நாட்டின் மொத்த உற்பத்தியில் அரை சதவீதம் அளவுக்குத்தான்.

அது எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் புரியும். ஒரு பெண் தன் ஊரின் சமூக உதவி மையத்துக்குப் போய் உட்காருகிறார். எதிரில் இருப்பவர் கேட்டுக்கேட்டு எழுதுகிறார்: வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் வேலைக்குப் போகிறார்கள், எந்தப் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது. இது எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான ஒரே பதிவேட்டுக்குள் போகிறது. 2001 இல் தொடங்கிய பதிவேடு அது. அவருக்கு ஒரு எண் கிடைக்கிறது. தகுதி உண்டு என்று ஆனால் அவர் பெயரில் ஒரு அட்டை; அட்டைதாரர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்தான். அப்புறம், மாதத்தின் கடைசிப் பத்து வேலை நாட்களில் எந்த நாளில் பணம் வரும் என்பதை அந்த எண்ணின் கடைசி இலக்கம் முடிவு செய்கிறது. 1 இல் முடிந்தால் முதல் நாள், 2 என்றால் அடுத்த நாள், இப்படி. வருடம் பூராவும் எந்தத் தேதியில் வரும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும், எந்த அதிகாரியையும் போய்ப் பார்த்துக் கெஞ்ச வேண்டியதில்லை. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும், ஆனால் வாழ்நாள் முழுக்க எதற்கும் தேதி தெரியாமல் இருந்தவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

பதிலுக்கு, பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும் (பெரும்பாலான வயதுகளுக்கு வருகை 85 சதவீதம் என்று விதி வைத்திருந்தார்கள்), தடுப்பூசி போட வேண்டும், கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வர வேண்டும். பலன் என்ன? மருத்துவ இதழான லான்செட்டில் 2013 இல் வந்த ஆய்வு, திட்டம் நன்றாகப் பரவியிருந்த நகராட்சிகளில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் இறப்பு 17 சதவீதம் குறைந்ததாகக் கண்டது. ஊட்டச்சத்துக் குறைவால் வரும் இறப்பு மட்டும் 65 சதவீதம் குறைந்தது, வயிற்றுப்போக்கால் வருவது 53 சதவீதம். 2014 இல் ஐ.நா. உணவு அமைப்பின் பசி வரைபடத்திலிருந்து பிரேசிலின் பெயர் நீங்கியது. எல்லாப் புகழையும் இந்த ஒரு திட்டத்துக்கே கொடுத்துவிடக் கூடாது. அதே வருடங்களில் அங்கே குறைந்தபட்சக் கூலியும் ஏறியது, வேலைகளும் பெருகின. ஆனால் கோட்டின் அடியில் கிடந்தவர்களை, கூலி உயர்வு எட்டாத அந்த வீடுகளை, எட்டியது இந்தப் பணம்தான்.

இப்போது சோம்பேறித்தனத்துக்கு வருவோம். கேள்வி நியாயமானதுதான், அதனால்தான் இதை இத்தனை தடவை சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜியும் மற்ற மூன்று ஆய்வாளர்களும், ஏழைகளுக்குப் பணம் கொடுக்க ஆறு நாடுகளில் நடந்த ஏழு திட்டங்களின் தரவை எடுத்துப் பார்த்தார்கள். மெக்சிகோ, ஹோண்டுராஸ், நிகராகுவா, இந்தோனேசியா, மொராக்கோ, பிலிப்பைன்ஸ். பணம் வந்ததால் வேலை செய்வதை மக்கள் குறைத்தார்கள் என்பதற்கு முறையான ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. பணத்தைக் குடித்தே அழிப்பார்கள் என்கிற பயத்துக்கும் இதே கதிதான். உலக வங்கியைச் சேர்ந்த இருவர் 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மது, புகையிலைச் செலவு கூடவில்லை. சராசரியில் கொஞ்சம் குறைந்தே இருந்தது.

கனடாவில் நடந்தது எனக்கு இன்னும் பிடித்த கதை. 1974 இலிருந்து 1979 வரை மானிடோபா மாகாணத்தில் டாஃபின் என்ற சிறு நகரத்தில் குறைந்தபட்ச வருமானத்தை உறுதி செய்து பார்த்தார்கள். ஆட்சி மாறியது, பணம் தீர்ந்தது, சோதனை நின்றது. சேகரித்த காகிதங்களைப் பகுத்துப் பார்க்கக்கூட ஆள் வைக்காமல் சுமார் 1,800 பெட்டிகளில் அடைத்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்து ஈவ்லின் ஃபார்ஜே என்ற பொருளாதார அறிஞர் அந்தக் காலத்து மருத்துவமனைப் பதிவுகளைத் தேடி எடுத்து ஒப்பிட்டார். திட்டம் நடந்த காலத்தில் அந்த ஊர்க்காரர்கள் மருத்துவமனையில் சேர்வது, ஒப்பிட்ட மற்றவர்களைவிட 8.5 சதவீதம் குறைந்திருந்தது. விபத்து, காயம், மனநலம் தொடர்பான சேர்க்கைகளில்தான் குறைவு தெளிவாகத் தெரிந்தது. வேலை நேரத்தைக் குறைத்தவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் கைக்குழந்தை உள்ள தாய்மார்கள், அப்புறம் படிப்பை விட்டு வேலைக்குப் போயிருக்க வேண்டிய பையன்கள். அந்தப் பையன்கள் பள்ளியில் இன்னும் ஒரு வருடம் இருந்தார்கள். அதை நஷ்டக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு பயம், எல்லோருக்கும் பணம் கொடுத்தால் விலைவாசி ஏறி, கொடுத்த பணத்தையே தின்றுவிடும் என்பது. கென்யாவில் 653 கிராமங்களில் சுமார் 10,500 குடும்பங்களுக்குத் தலா 1,000 டாலர் மதிப்புள்ள பணம் கொடுத்து இதை அளந்தார்கள். விலை ஏற்றம் 0.1 சதவீதம் அளவுதான். கொடுத்த ஒவ்வொரு டாலரும் ஊருக்குள் சுற்றிச்சுற்றி ஏறத்தாழ இரண்டரை டாலர் அளவுக்குப் பொருளாதாரத்தைக் கூட்டியது, பணம் வாங்காத பக்கத்து வீடுகளுக்கும் பலன் போனது. கடைகளும் பட்டறைகளும் பாதி நேரம் சும்மா கிடந்த ஊர்கள் அவை. வாங்க ஆள் வந்ததும் அவை ஓடத் தொடங்கின.

இவ்வளவு நல்லதாக இருந்தால் பிறகு ஏன் எல்லா இடத்திலும் கடும் வறுமை போகவில்லை? இங்கேதான் பட்டியல் வருகிறது.

வரி கட்டாத, சம்பளச் சீட்டு இல்லாத ஒரு குடும்பத்தின் வருமானத்தை யாராலும் சரியாக அளக்க முடியாது. அதனால் பல நாடுகள் வீட்டை அளக்கின்றன. கூரை எதனால் ஆனது, சுவர் என்ன, டிவி இருக்கிறதா என்று பார்த்து, ஒரு சூத்திரத்தில் போட்டு மதிப்பெண் எடுக்கிறார்கள். போன மாதம் கணவர் இறந்த பெண்ணின் வீட்டுச் சுவர் போன வருடம் கட்டிய செங்கல் சுவராகவே இருக்கும். சூத்திரத்துக்கு அந்தச் சாவு தெரியாது. இந்தோனேசியாவில் 640 கிராமங்களில் இந்தச் சூத்திரத்தையும், ஊர்க்காரர்களே கூடி உட்கார்ந்து யார் ரொம்ப ஏழை என்று வரிசைப்படுத்துவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். செலவுக் கணக்கின்படி சூத்திரம் கொஞ்சம் துல்லியமாக இருந்தது, ஆனால் ஊரார் போட்ட பட்டியலில்தான் மக்களுக்குத் திருப்தி அதிகம். அவர்கள் வறுமையைச் செலவை மட்டும் வைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் காரணம். விதவையா, சம்பாதிக்கும் திறன் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்தார்கள்.

பணக்கார நாடுகளில் வேறு மாதிரி. அங்கே அளக்க வழி இருக்கிறது, ஆனால் தகுதியுள்ளவர்கள் விண்ணப்பிப்பதே இல்லை. ஐரோப்பாவில் குறைந்தபட்ச வருமானத்துக்குத் தகுதி உள்ளவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேர் அதை வாங்குவதில்லை என்று ஐரோப்பிய ஆணையமே சொல்கிறது. ஸ்பெயினில் பாதிக்கு மேற்பட்ட தகுதியான குடும்பங்கள் கேட்கவே இல்லை என்று அந்த நாட்டின் நிதிக் கண்காணிப்பு அமைப்பு கணக்கிட்டது. இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, தெரிந்தால் படிவம் புரியாது, புரிந்தால் கேட்கக் கூச்சம். பட்டியலில் தகுதியில்லாத ஒருவர் நுழைந்துவிட்டால் பத்திரிகையில் செய்தி வரும், தகுதியுள்ள பத்துப் பேர் வெளியே நின்றால் எந்தச் செய்தியும் வராது. அதனால் அதிகாரிகள் முதலாவதைத் தடுக்கத்தான் விதிக்கு மேல் விதி போடுகிறார்கள், அந்த விதி ஒவ்வொன்றிலும் கால் தடுக்கி விழுவது கடும் வறுமையில் இருப்பவர்தான்.

இந்த வேகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஆஸ்திரேலியா. அங்கே உதவித்தொகை வாங்கியவர்களின் வருட வருமானத்தை இருபத்தாறாக வகுத்து, ஒவ்வொரு இரண்டு வாரத்திலும் அவ்வளவு சம்பாதித்ததாக எடுத்துக்கொண்டு, கூடுதலாக வாங்கிவிட்டீர்கள், திருப்பிக் கட்டுங்கள் என்று கணினி மூலமாகவே கடன் கடிதம் அனுப்பினார்கள். ஆறு மாதம் வேலை, ஆறு மாதம் உதவித்தொகை என்று நேர்மையாக வாழ்ந்தவர் மேல்கூட அந்தக் கணக்கில் கடன் விழும். அது சட்டத்துக்குப் புறம்பானது என்று பின்னால் முடிவானது, 2023 இல் விசாரணை ஆணையம் கடுமையாகக் கண்டித்தது. ஒழுங்கில்லாத வருமானம்தான் ஏழ்மையின் இயல்பு என்று மேலே சொன்னேன் அல்லவா, அதையே குற்றமாக்கிய கணக்கு அது.

பட்டியலிலிருந்து இறங்குவதும் அதே அளவுக்கு முக்கியம். கோடு மாதம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 6,000 சம்பாதிக்கிறார், அரசு 4,000 கொடுக்கிறது. அவருக்குக் கூடுதலாக 2,000 வருகிற ஒரு வேலை கிடைக்கிறது. போனால் சம்பாத்தியம் 8,000, அரசு கொடுப்பது 2,000 ஆகக் குறையும். கையில் அதே 10,000. போய்வரும் செலவைக் கழித்தால் முன்னைவிடக் குறைவு. அதோடு அந்த வேலை மூன்று மாதத்தில் போய்விட்டால் மறுபடியும் முதலிலிருந்து விண்ணப்பம், காத்திருப்பு. அவர் அந்த வேலைக்குப் போகவில்லை என்றால் சோம்பேறி என்பார்கள். இந்தக் கணக்கை எந்த முதலாளி முன்னால் வைத்தாலும் அவரும் போக மாட்டார். பிரான்ஸ் இதைப் பார்த்துவிட்டுத்தான் 2009 இல் திட்டத்தை மாற்றி, கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு 100 யூரோவிலும் 62 கையில் நிற்கிற மாதிரி செய்தது. பிரேசில் 2023 இல், வருமானம் கோட்டைத் தாண்டிய குடும்பத்தை உடனே நீக்காமல் இரண்டு வருடம் வரை பாதித் தொகையைத் தொடர்ந்து கொடுக்கும் விதியைக் கொண்டுவந்தது. பிறகு அந்தக் காலத்தைக் குறைத்துவிட்டார்கள், அது எனக்கு வருத்தம்தான்.

நிபந்தனைகள் பற்றி ஒரு வார்த்தை. மலாவியில் இளம் பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பள்ளிக்கு வந்தால்தான் பணம் என்றும் இன்னொன்றுக்குச் சும்மாவும் கொடுத்துப் பார்த்தார்கள். படிப்பில் நிபந்தனை வைத்த குழு முன்னே நின்றது. ஆனால் இளவயதுத் திருமணமும் கர்ப்பமும் கணிசமாகக் குறைந்தது நிபந்தனை இல்லாத குழுவில்தான். நடுவில் படிப்பை விட்டுவிட்ட பெண்களுக்கும் அங்கே பணம் போய்ச் சேர்ந்தது என்பதால். நிபந்தனையைத் தவறவிடுகிறவர்தான் பெரும்பாலும் உதவி அதிகம் தேவைப்படுகிறவர் என்பதை இது காட்டுகிறது. ஒரு குழந்தை பள்ளிக்கு வரவில்லை என்றால் பணத்தை வெட்டுவதற்கு முன்னால் யாராவது அந்த வீட்டுக்குப் போய் ஏன் என்று கேட்க வேண்டும்.

அப்புறம் தொகை. ஈரான் 2010 டிசம்பரில் எரிபொருள் மானியத்தை வெட்டி, மிச்சமானதை ஆளுக்கு மாதம் 4,55,000 ரியால் என்று பணமாகக் கொடுத்தது. தொடக்கத்தில் ஏழைகளுக்கு அது பெரிய தொகை. ஆனால் விலைவாசி ஓடியது, தொகை வருடக்கணக்கில் அங்கேயே நின்றது, கடைசியில் பெயருக்குத்தான் இருந்தது. விலைவாசியோடு தானாக ஏறும் விதி சட்டத்திலேயே இல்லை என்றால் எந்தத் திட்டத்துக்கும் இதே கதிதான் வரும்.

மீன் கொடுக்காதே, தூண்டில் கொடு என்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2002 இல் ஆரம்பித்த முறையில், மிக ஏழைக் குடும்பத்துக்குக் கால்நடை போன்ற ஒரு சொத்தைக் கொடுத்து, பயிற்சி கொடுத்து, வாரம்தோறும் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, கூடவே சில மாதங்களுக்குச் சாப்பாட்டுச் செலவுக்கும் பணம் கொடுக்கிறார்கள். அந்தச் செலவுப் பணம் எதற்கு? அது இல்லையென்றால் பசியில் மாட்டை விற்றுவிடுவார்கள். இதை ஆறு நாடுகளில் சோதித்து 2015 இல் முடிவு வெளியிட்டார்கள்; எல்லா உதவியும் நின்று ஒரு வருடம் ஆன பிறகும் பெரும்பாலான நாடுகளில் முன்னேற்றம் நிலைத்திருந்தது. தூண்டில் வேலை செய்ததும் முதல் சில மாதம் மீன் இருந்ததால்தான். அதோடு, தூண்டில் பிடிக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். வயதானவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்வதற்காக வீட்டை விட்டு நகர முடியாதவர்கள். கடும் வறுமையில் அவர்கள் கொஞ்ச நஞ்சம் இல்லை. அதேபோல் பணம் பள்ளியையோ மருத்துவமனையையோ கட்டித் தராது. அவை இல்லாத ஊரில் இந்தத் தொகை பாதி வேலைதான் செய்யும்.

கடைசியாக, பட்டியலிலிருந்து ஒருவர் பெயரை எடுத்துவிட்டால் அவர் எங்கே போய்க் கேட்பது? பல நாடுகளில் கொடுத்த அதிகாரியிடமே முதலில் மனு கொடுக்க வேண்டும். ஜெர்மனியில் 2010 பிப்ரவரி 9 அன்று அரசியல் சாசன நீதிமன்றம், கண்ணியமாக வாழ்வதற்கான குறைந்தபட்சம் என்பது அரசு இரக்கப்பட்டுக் கொடுப்பது இல்லை, அடிப்படை உரிமை என்றது. அந்தத் தொகையை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதையும் அரசு வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்றது. 2019 நவம்பரில் அதே நீதிமன்றம், வேலை தேடும் கடமையில் தவறினார் என்று சொல்லி ஒருவருடைய தொகையில் 30 சதவீதத்துக்கு மேல் வெட்டுவது செல்லாது என்று தீர்ப்பளித்தது. உங்கள் நாட்டில் இப்படி ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டால் மாதம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, நிறுத்தினால் யாரிடம் கேட்கலாம் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறதா என்பதையும் தேடிப் பாருங்கள்.